மாங்கேணி மாடும் ஆறு வாரக் கோழியும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில், ஓட்டமாவடிப் பாலம் கடந்து வடக்கே போனால் காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில் வருவது மாங்கேணி. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வாவி நீரும் பற்றைக்காடும் வயலும். நிர்வாகக் கணக்கில் கோறளைப்பற்று வடக்கு, பேச்சில் வாகரைப் பக்கம். 2004 டிசம்பரில் கடல் வந்து போன கரை. அந்த ஈரம் காயுமுன் 2006-07 யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் மீனையும் வேளாண்மையையும் மாட்டையும் நம்பித்தான் மறுபடி தொடங்கினார்கள்.

இந்தப் பக்கத்தில் இரண்டு விதமான வளர்ச்சியை அடுத்தடுத்த வளவுகளில் பார்க்கலாம். ஒரு வளவில் கிடுகுக் கூரையின் கீழ் உமி பரப்பி வளர்க்கும் புரொயிலர் கோழி. பெட்டியில் வந்து இறங்கும்போது குஞ்சு ஏறத்தாழ 40 கிராம். ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டிவிடும், அதாவது ஐம்பது மடங்கு. அடுத்த வளவுக்காரரின் பட்டியில் அதே நாளில் பிறந்த நாட்டுக் கன்று 15 கிலோ அளவில் இருந்திருக்கும். அது தாயாகி முதல் கன்று போட நான்கு வயதாவது செல்லும். முழு வளர்ச்சி அடைந்தாலும் பல பசுக்கள் 200 கிலோ மட்டில் நின்றுவிடும்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் ஊரில் வரும் பதில் ஒரு சொல்தான்: “சாதி”. நல்ல சாதி மாடு இறக்கினால் எல்லாம் சரியாகும் என்பது விவசாயியின் நம்பிக்கை மட்டுமல்ல, பல அரசாங்கங்களின் கொள்கையும் அதுவாகவே இருந்திருக்கிறது. அந்தப் பதில் பாதி சரி. மிச்சப் பாதிக்காகத்தான் இந்த அத்தியாயம்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேவன்ஸ்டைனும் கூட்டாளிகளும் செய்து 2003இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. 1957 காலத்துக் கோழி வம்சம் ஒன்றை, தெரிவு எதுவும் செய்யாமல், பழையபடியே பேணி வைத்திருந்தார்கள். அதையும் 2001இல் சந்தையில் இருந்த ரொஸ் 308 புரொயிலரையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதிக்கு 1957இன் தீன், மறு பகுதிக்கு 2001இன் தீன். 42ஆம் நாள் நிறுத்துப் பார்த்தபோது பழைய கோழி பழைய தீனில் 539 கிராம், புதிய தீனில் 578 கிராம். புதிய கோழி பழைய தீனிலேயே 2,126 கிராம், புதிய தீனில் 2,672 கிராம். ஐந்து மடங்கு வளர்ச்சியில் 85 முதல் 90 வீதம் இனப்பெருக்கத் தெரிவால் வந்தது, தீனால் வந்தது 10 முதல் 15 வீதந்தான் என்று அவர்கள் முடிவு சொன்னார்கள்.

இந்தத் தெரிவுக்கு ஒரு தொடக்க நாள்கூட உண்டு. 1948இல் அமெரிக்காவில் “நாளைய கோழி” என்ற பெயரில் நாடு தழுவிய போட்டி நடந்தது. முட்டைக்கோழியின் மிச்சமாக இருந்த இறைச்சிக்கு, நெஞ்சு அகன்ற தனிக் கோழி வேண்டும் என்பது நோக்கம். வென்றவர் கலிபோர்னியாவின் சார்ள்ஸ் வான்ட்ரெஸ். அவருடைய கோழி கோர்னிஷ் இனத்தையும் நியூ ஹம்ப்ஷயர் இனத்தையும் கலந்தது. அதன் பின் தலைமுறைக்குத் தலைமுறை நிறுத்து, பெரியதைத் தெரிந்து, அதிலேயே குஞ்சு எடுத்தார்கள். கோழிக்கு ஒரு தலைமுறை ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். மாட்டுக்கு ஐந்து வருடம் ஓடும். ஒரு கோழித் தாய் தன் முட்டைக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சு தரும், பசு வருடத்துக்கு ஒரு கன்று தந்தாலே பெரிது. தெரிந்தெடுக்க நூறு இருப்பவருக்கும் ஒன்று இருப்பவருக்கும் இனமேம்பாடு ஒரே வேகத்தில் நடக்காது.

இனி மறுபாதி. அந்தப் பரிசோதனையில் “பழைய தீன்” என்று சொன்னது வறுமைத் தீன் அல்ல. புரதமும் விற்றமினும் கணக்கிட்டுக் கலந்த முழுத் தீன். சுத்தமான கொட்டில், கட்டுப்படுத்திய வெப்பம், தடையில்லாத தண்ணீர். இவை எல்லாம் குறைவில்லாமல் இருந்த இடத்தில் மிஞ்சி நின்ற வேறுபாடு இனம் ஒன்றுதான். ஆகவே அங்கே இனம் வென்றது. அதே ரொஸ் குஞ்சை வேலியோரத்தில் குப்பை கிளறச் சொல்லி விட்டால் ஊர்க்கோழிக்கு முன்னால் அதுதான் சாகும். எது எத்தனை வீதம் என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை வேறு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். விலங்கு தின்பதில் முதற் பங்கு உயிர் தரிப்பதற்குப் போகிறது: மூச்சு, இரத்த ஓட்டம், உடற்சூடு, நடை. குடும்பச் செலவு போனபின் கையில் நிற்கும் காசு போல, அந்தப் பங்கு போக நிற்பதுதான் இறைச்சியாகிறது. 200 கிலோ மாடு நாளுக்கு உலர் நிறையில் 4 முதல் 5 கிலோ தின்னும். அது நாலு கிலோ வைக்கோலாக இருந்தால் அந்த நாலு கிலோவும் உயிர் தரிக்கவே காணாது. மாடு தின்றுகொண்டே மெலியும். புரொயிலர் கோழி 1.6 அல்லது 1.7 கிலோ தீனில் ஒரு கிலோ எடை போடுவதன் இரகசியமும் இதில்தான் இருக்கிறது. அது ஆறு வாரந்தான் உயிரோடு இருக்கிறது. உயிர் தரிக்கும் செலவைக் கட்ட வேண்டிய நாட்கள் குறைவு. நாலு வருடம் மெல்ல வளரும் மாடு நாலு வருடமும் அந்தச் செலவைக் கட்டுகிறது.

பட்டிக்காரரின் நாட்காட்டி

மட்டக்களப்பில் மாட்டின் உடம்பு வேளாண்மையின் நாட்காட்டிப்படி ஏறி இறங்குகிறது. பெரும்போகம் ஒக்டோபரில் தொடங்கியதும் வயலுக்குள் மாடு போகக்கூடாது. பட்டிகளை மேட்டுநிலத்துக்கும் காட்டோரத்துக்கும் கொண்டு போவார்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று மழை. புல் பச்சையாகத்தான் நிற்கும், ஆனால் பெரும்பகுதி தண்ணீர். பள்ள நிலம் வெள்ளத்தில். பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்ததும் வயல் திறக்கும், தாளும் வரம்புப் புல்லும் கிடைக்கும். மாட்டின் விலா எலும்பு மறையும் காலம் அதுதான். பிறகு கோடை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை புல் காய்ந்து, குளம் வற்றி, மாடு தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கும். நடைக்கும் சக்தி வேண்டும். அதுவும் உயிர் தரிக்கும் செலவில்தான் சேரும்.

நல்ல மாதங்களில் போட்ட எடையைக் கெட்ட மாதங்களில் இழந்து, மறு வருடம் அதே எடையை மறுபடி போடுகிறது மாடு. மெலிந்த மாடு நல்ல புல்லைக் கண்டதும் வழமையைவிட வேகமாக எடை ஏறும் என்பது உண்மைதான். கால்நடை அறிவியல் இதை ஈடுசெய் வளர்ச்சி என்கிறது. பட்டிக்காரர்களுக்கும் இது தெரியும், அதை நம்பித்தான் கோடையைப் பல்லைக் கடித்துக் கடத்துகிறார்கள். ஆனால் கன்று பிறந்து முதற் சில மாதங்களில் பட்ட பட்டினியை அது முழுதாக ஈடு செய்வதில்லை.

இத்தனைக்கும் அந்தக் கோடைக்கான தீன் இதே மாவட்டத்தில் எரிகிறது. முன்பு சூடடித்த களத்தில் வைக்கோல் ஒரே போராகக் குவிந்திருந்தது. இப்போது வெட்டு மெசின் அதை வயல் முழுதும் வரிசையாகத் துப்பிவிட்டுப் போகிறது. பொறுக்கிக் கட்ட ஆள் கூலி கட்டாது என்று பலரும் கொளுத்திவிடுகிறார்கள்.

வைக்கோலின் குறை இரண்டு. புரதம் நூற்றுக்கு நாலு அளவில். நாலு கிலோ வைக்கோலில் 160 கிராம் புரதம் என்றால், 200 கிலோ மாடு நாளுக்கு அரைக் கிலோ வளர இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். இரண்டாவது குறை, அதன் நார் லிக்னின் என்ற பொருளோடு இறுகப் பிணைந்திருப்பது. மாட்டின் அசையூண் இரைப்பையில் ஒரு மில்லிலீற்றருக்கு ஆயிரம் கோடி அளவில் பக்டீரியாக்கள் உண்டு. நாரை உடைப்பது மாடல்ல, அவைதான். அவை பெருக நைதரசன் வேண்டும். தீனில் புரதம் நூற்றுக்கு ஏழுக்குக் கீழ் இறங்கினால் அவை பட்டினி. அவை பட்டினி என்றால் வயிறு நிறைய வைக்கோல் இருந்தும் மாடும் பட்டினி.

இங்கேதான் யூரியா வருகிறது. 1980களில் நெதர்லாந்து உதவியோடு இலங்கையில் வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. எம். என். எம். இப்ராஹிமும் ஷீரேயும் அதில் செய்த வேலை பின்னர் உலகின் பல நாடுகளில் பயிற்சிப் பாடமானது. முறை எளியது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, படை படையாகத் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் யூரியா அமோனியாவாக மாறி நாரின் பிணைப்பைத் தளர்த்தும். நைதரசனும் ஏறும். திறக்கும்போது மூக்கில் அடிக்கும் நெடியை ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் போக்கினால் மாடு தின்னும். வைக்கோல் மஞ்சளிலிருந்து கடும் பழுப்பாக மாறியிருக்கும். புரத அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். கரையாத யூரியாக் கட்டியை மாடு நக்கினால் அது நஞ்சு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோலே கொடுக்கக்கூடாது. இந்த இரண்டையும் மறந்தவர்கள் மாட்டை இழந்திருக்கிறார்கள்.

யூரியா விலை ஏறிய காலத்தில் இது கட்டாது என்பார்கள். அப்படியானால் வேலிக்கு நட்ட கிளிரிசீடியா இருக்கிறது. அதன் இலையில் புரதம் நூற்றுக்கு 20க்கு மேல். கோடையிலும் தளிர்க்கும். பச்சையாகக் கொடுத்தால் மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். ஒரு நாள் வாட விட்டால் தின்னும். தண்ணீர் உள்ள வளவுக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இலங்கை முழுதும் பரவிய கோ-3 புல் உண்டு. வாகரைப் பக்கத்து உவர் மணலில், கிணற்று நீரை இறைத்து அதை வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலி மரம் தண்ணீர் கேட்பதில்லை.

கோழித் தீனின் கதை வேறு. மாட்டைப்போல் கோழியால் வைக்கோலை இறைச்சியாக்க முடியாது. சோளன், சோயா, மீன் தூள், தவிடு என்று மனிதன் தின்னக்கூடியதற்குப் பக்கத்தில் உள்ளதைத்தான் அது கேட்கும். இளம் புரொயிலருக்கு நூற்றுக்கு 22 அளவில் புரதம், அதிலும் லைசின், மெதியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறையக்கூடாது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதித் தடை அறிவிக்கப்பட்டபோது அதன் அடி நெல்லுக்கு மட்டும் விழவில்லை. சோளன் விளைச்சலும் சரிந்தது. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்து இறக்குமதித் தீனும் குறைந்தது. கோழிகளைக் கழித்துக் கட்டிய பண்ணைகள் ஏராளம். 2023இல் இலங்கை அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. முட்டை இறக்கும் நாடானோம் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அந்த முட்டைகளுக்குள் நாங்கள் இறக்கியது சோளனைத்தான்.

அந்தக் காலத்தில் பலரும் தீனை வீட்டிலேயே கலக்கத் தொடங்கினார்கள். அப்போது இரண்டு பொறிகளில் மாட்டிக்கொண்டார்கள். தவிட்டில் எண்ணெய் நூற்றுக்குப் பதினைந்து வரை உண்டு. ஆலையிலிருந்து வந்த நாளிலிருந்தே அது காறத் தொடங்கும், சில வாரம் மூட்டையில் கிடந்தால் கசக்கும், கோழி தீனைக் குறைத்துவிடும். இரண்டாவது, மாரியில் அறுத்துச் சரியாகக் காயாத சோளனில் வரும் பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் அளவான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்ச நஞ்சுதான் காரணம் என்று பின்னர் கண்டார்கள். அஃப்லாடொக்சின் என்ற பெயர் அப்போது பிறந்தது. செத்த கோழியைவிட, சாகாமல் ஈரல் பழுதாகி வளராமல் நிற்கும் கோழிதான் பண்ணைக்காரருக்குப் பெரிய நட்டம். ஏனென்றால் அது தின்றுகொண்டே இருக்கும்.

கச்சானும் வாடையும்

இருப்பிடம் என்ற சொல்லைக் கேட்டதும் சீமெந்தும் தகரமும் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கரையில் இருப்பிடம் என்பது இரண்டு காற்றுகளுக்கு எதிரான தடுப்பு.

முதலாவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, இறங்கும்போது சூடேறி, மட்டக்களப்புக்கு வந்து சேர்கிறது. ஜூன், ஜூலையில் மத்தியானம் பின்னேரம் அது வீசும்போது மனிதனுக்கே உதடு வெடிக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடற்சூடு சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸுக்கு மேல். சூட்டை வெளியேற்ற அதற்கிருக்கும் வழி வாயைத் திறந்து இளைப்பதுதான். நிமிடத்துக்கு முப்பது மூச்சு விடும் கோழி இருநூறைத் தாண்டும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலிருந்து காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. முட்டைக்கோழியில் அதன் விளைவு மெல்லிய ஓடு. புரொயிலரில் தீன் குறைகிறது, ஏனென்றால் செரிமானமும் சூடு தரும். வேகமாக வளரும் கோழிக்கு உள்ளே எரியும் அடுப்பும் பெரிது. அதனால் கொட்டிலில் முதலில் விழுவது எப்போதும் ஆகப் பெரிய கோழிதான். நாற்பதாம் நாள், விற்பதற்கு முந்தின நாள், செத்து விழுந்த இரண்டரைக் கிலோக் கோழியைப் பார்த்த எவருக்கும் இது விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பரிகாரத்தில் பணச் செலவு குறைவு. கொட்டிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் குறுகிய சுவரில்தான் விழும். அகலம் 30 அடிக்குள் நின்றால் காற்று ஊடுருவும். கிடுகு தகரத்தைவிடச் சூட்டைக் குறைவாக இறக்கும், ஆனால் இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். மத்தியானம் தீன் தட்டைத் தூக்கிவிட்டு அதிகாலையிலும் இரவிலும் கொடுப்பது, தண்ணீர்த் தாங்கியை நிழலில் வைப்பது. கோழிக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கை மீறி நெருக்குவதுதான் பேராசையின் வழமையான வடிவம். நெருக்கினால் உமி ஈரமாகும். ஈர உமியிலிருந்து அமோனியா கிளம்பும். கொட்டிலுக்குள் குனிந்தவுடன் உங்கள் கண் எரிந்தால் கோழியின் நுரையீரல் அதற்கு முன்பே எரியத் தொடங்கிவிட்டது.

குஞ்சுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. முதல் இரண்டு வாரம் அதால் தன் சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரம் 32 முதல் 35 பாகை வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் பாதகமில்லை, குஞ்சுகளே காட்டிக்கொடுக்கும். மின்குமிழின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கீச்சிட்டால் குளிர். செட்டையை விரித்துக்கொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு. ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கினால் மறுபக்கம் எங்கோ காற்று ஒழுகுகிறது. பரவலாகத் திரிந்து கொத்தினால் சரி.

இரண்டாவது காற்று வாடை. 2022 டிசம்பர் 8, 9ஆம் திகதிகளில் மாண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் இலங்கைக் கரைக்கு அப்பால் நகர்ந்து மாமல்லபுரத்தில் கரை கடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மழையும் கடுங்காற்றும். அந்த இரண்டு மூன்று நாளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. நஞ்சோ, புது நோயோ என்று பதறினார்கள். குளிர் அதிர்ச்சி என்றே கால்நடைத் துறை சொன்னது. உறைநிலைக் குளிரே இல்லாத நாட்டில் மாடு குளிரில் சாகுமா என்று பலரும் நம்பவில்லை.

சாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலில் நனைந்த ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் போக ஏறத்தாழ 2.4 மெகாயூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுக்கும். இரண்டு லீற்றர் போனால், 200 கிலோ மாடு நாள் முழுதும் உயிர் தரிக்க எரிக்கும் சக்தியில் கிட்டத்தட்டக் கால்வாசி போயிற்று. மழை விடாமல் நனைக்க நனைக்க, காற்று விடாமல் உலர்த்த உலர்த்த அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். வெப்ப நாட்டு மாட்டின் மெல்லிய மயிரும் தொங்கும் தாடியும் அகன்ற தோலும் கோடையில் சூட்டை வெளியேற்றத்தான் அமைந்தவை. அந்த நாளில் அவையே எதிரியாயின. இரைப்பை நொதித்தல் மாட்டுக்கு உள்ளே கிடைக்கும் சூடு. வெள்ளத்தில் மேய முடியாத மாட்டுக்கு அதுவும் இல்லை. கோடையின் மெலிவிலிருந்து எழுந்து வரும் மாட்டில் தோலடிக் கொழுப்பும் இல்லை. தீன், கூரை, இனம் மூன்றும் ஒரே இரவில் சேர்ந்து கைவிட்டன. இனத்தை மட்டும் மாற்றியிருந்தால் இதில் எந்த மாடு பிழைத்திருக்கும்?

மாரி இரவுகளில் இந்த வீதியில் வாகனம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மாடுகள் தார் ரோட்டில் படுத்திருக்கும். ஓர்னடித்தாலும் எழும்பாது. பிடிவாதம் என்று திட்டுவோம். சுற்றியுள்ள நிலம் முழுதும் சேறாக இருக்க, வடிகால் உள்ளதும் பகற்சூட்டைப் பிடித்து வைத்ததுமான ஒரே தரை அதுதான். மாடு தனக்கான இருப்பிடத்தைத் தானே தேர்ந்திருக்கிறது. பட்டிக்காரர் செய்ய வேண்டியதும் அதுதான்: உயர்த்திய மண் மேடை, வாடைப் பக்கம் பனையோலையோ பழைய தகரமோ கொண்டு ஒரு மறைப்பு, கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் மட்டுமாவது கூரை, மூன்று நாளுக்குக் காணும் உலர்ந்த வைக்கோல். நூறு மாட்டுக்கும் கட்டடம் யாராலும் கட்ட முடியாது. காற்றையும் சேற்றையும் தடுக்க முடியும்.

பின்னோக்கிப் போகும் தெரிவு

இப்போது இனத்துக்கு வரலாம். முதலில் கோழி.

ஊர்க்கோழி வருடத்துக்கு ஐம்பது அளவில் முட்டை இடும், பண்ணைக்கோழி முந்நூறு. ஆனால் ஊர்க்கோழி அடை கிடக்கும், பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும், குஞ்சைக் கூட்டிப் போய்க் கிளறப் பழக்கும். பண்ணைக்கோழியிலிருந்து தெரிவின் மூலம் நீக்கப்பட்டவை இவைதான். ஊர்க்கோழிகளில் கழுத்தில் சிறகில்லாத ஒரு வகை உண்டு. பார்க்க அழகில்லை என்று பலரும் முதலில் கறியாக்குவது அதைத்தான். அதன் மரபணு உடம்பு முழுதும் சிறகை 30 முதல் 40 வீதம் வரை குறைக்கிறது, சூடு எளிதில் வெளியேறுகிறது. கச்சான் வீசும் ஊரில் அந்தக் கோழியைத்தான் கடைசியாக அறுக்க வேண்டும்.

ஊர்க்கோழியில் இழப்பு வளர்ச்சி வேகத்தில் அல்ல, குஞ்சுச் சாவில். பத்துக் குஞ்சு பொரித்தால் இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் காணாமல் போவது வழமை. பருந்து, கீரி, மழை, எல்லாவற்றுக்கும் மேலாக இராணிக்கெட் என்ற நோய். குஞ்சுகளை முதல் மாதம் கரப்பின் கீழ் வைத்து, தாய்க்கு எட்டாமல் தவிட்டோடு மீன் தூள் சேர்த்துக் கொடுப்பதும், தடுப்பு மருந்தைக் காலத்துக்குப் போடுவதும் எந்தச் சீமைச் சேவலையும்விட அதிக இறைச்சி தரும். பழைய ஆட்கள் சட்டியில் சாணமும் வைக்கோலும் வைத்துக் கறையான் புற்றருகே இரவு கவிழ்த்து வைப்பார்கள். காலையில் சட்டி நிறையக் கறையான். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதத் தீன் இந்த ஊரில் காசு கொடுத்தாலும் கிடையாது.

மாட்டில் நிலைமை சிக்கலானது. இலங்கையில் இறைச்சிக்கென்று தனி மாட்டு வளர்ப்பு ஏறத்தாழ இல்லை. இறைச்சி என்பது பால் மாட்டின் மிச்சம், உழவு மாட்டின் முடிவு. 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபின், இறைச்சி மாட்டுக்கு நீண்டகாலத் திட்டம் என்ற பேச்சே எழவில்லை. ஆனால் கிழக்கில் பல பட்டிகள் நின்று நிலைப்பதே நாம்பன் என்ற இளங்காளையை விற்ற காசில்தான்.

கிழக்கு மாகாணத்திலும் பொலன்னறுவையிலும் உள்ள வெள்ளை மாட்டுக்குத் தமன்கடுவ வெள்ளை என்று பெயர். தென்னிந்தியாவிலிருந்து வந்தது, காங்கேயத்தோடு உறவு சொல்வார்கள். காங்கேயம் காளை எப்படி அந்த உடம்பெடுத்தது என்று கொங்கு நாட்டில் போய்ப் பார்த்தால், மாட்டைவிட நிலந்தான் கண்ணில் படும். கொரங்காடு என்று சொல்வார்கள்: கிளுவை வேலி போட்டுப் பிரித்த மேய்ச்சல் காடு, கொழுக்கட்டைப் புல், கோடையில் காய் உதிர்க்கும் வெள்வேல மரம். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரு கொரங்காட்டைக் காத்தது. இனத்தையும் புல்லையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. மாடு மட்டும் கடல் கடந்து இங்கே வந்தது, வேலி போட்ட மேய்ச்சல் நிலம் வரவில்லை.

குளிர் நாட்டு இனத்தை நேரே இறக்கும் வழியையும் பார்த்துவிட்டோம். 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கறவை மாடுகள் இறக்கப்பட்டு விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டன. பல செத்தன, பால் எதிர்பார்த்த அளவு வரவில்லை, கடனும் சர்ச்சையும் மிஞ்சின. பெரிய உடம்புக்கு உயிர் தரிக்கும் செலவும் பெரிது. அரை வயிற்றில் சின்ன மாடு கன்று போடும், பெரிய மாடு படுத்துவிடும்.

ஆனால் பணமே செலவில்லாத இனமேம்பாடு ஒன்று இந்தப் பட்டிகளுக்குள்ளேயே காத்திருக்கிறது. வளர்ச்சி வேகம் தாய் தகப்பனிடமிருந்து நன்றாக இறங்கும் குணம். ஒரு பட்டியின் கன்றுகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவு பரம்பரையால் வருவது. கருத்தரிக்கும் வேகம் போன்றவற்றில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆகவே வேகமாக வளர்ந்த நாம்பனைப் பட்டியில் நிறுத்தினால் போதும், அடுத்த தலைமுறை எழும்பும். நடப்பது என்ன? இரண்டு வயதில் திரண்டு நிற்கும் நாம்பனுக்குத்தான் வியாபாரி முதலில் விலை சொல்வார். பெருநாளோ பிள்ளையின் பள்ளிச் செலவோ வந்தால் அதுதான் முதலில் போகும். விலை போகாமல் ஒதுங்கி நின்ற மெலிந்தது பட்டிக்குப் பொலிகாளையாகிறது. வான்ட்ரெஸ் பெரியதைத் தெரிந்து சின்னதை விற்றார். நாங்கள் பெரியதை விற்றுச் சின்னதைத் தெரிகிறோம். அதோடு அதே காளை ஏழெட்டு வருடம் நின்று தன் மகள்களையே சேரும். தகப்பன் மகள் சேர்க்கையில் பிறக்கும் கன்றின் மரபணுக்களில் கால்வாசி இரு பிரதியும் ஒன்றாகிவிடும் வாய்ப்புண்டு. வளர்ச்சி குறையும், கன்றுச் சாவு கூடும்.

காளையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பட்டிக்காரரோடு மாற்றிக்கொள்ள ஒரு சதம் செலவில்லை. குறிசுட்ட அடையாளத்தைக் கொண்டே எந்தக் காளை எந்தப் பட்டியுடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் மட்டக்களப்பார். இரத்தம் கலக்காமல் காப்பதற்கு வேண்டிய பதிவேடு மாட்டின் தோலிலேயே எழுதியிருக்கிறது.

இத்தனையும் செய்தாலும் மேய நிலம் வேண்டும். மாவட்டத்தின் பெரிய மேய்ச்சல் தரையான மயிலத்தமடு, மாதவனையில் வெளியாட்கள் பயிர் செய்யத் தொடங்கியதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். பெரும்போகத்தில் வயல் மூடிய பின் மாட்டுக்கு ஒதுங்க இருந்த இடம் அது. மாங்கேணிப் பட்டிக்காரருக்கும் பிரச்சினை அளவில்தான் வேறு, தன்மையில் ஒன்றே: காடு ஒரு திணைக்களத்தின் கையில், வயல் தனியார் கையில், மாடு மட்டும் பட்டிக்காரர் கையில்.

கையில் ஒரு இலட்சம் ரூபாய் உள்ள ஒருவர் எதில் போடுவது என்று கேட்டால் என் வரிசை இது: மாட்டுக்கு முதலில் கோடை வைக்கோலும் வேலியில் கிளிரிசீடியாவும், பிறகு வாடை மறைப்பும் மண் மேடையும், மிஞ்சினால் நல்ல காளை. கோழிக்கு முதலில் தடுப்பு மருந்தும் கரப்பும். புரொயிலர் வளர்ப்பதானால் தீனுக்கு முழுக் காசும் கையில் உள்ள ஆண்டில் மட்டும் குஞ்சு இறக்க வேண்டும். அரசிடம் கேட்க வேண்டியது சீமைப் பசு அல்ல. மேய்ச்சல் தரைகளை அளந்து எல்லைக்கல் நட்டு வர்த்தமானியில் அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள்.